யார் அப்பன் வீட்டுக் காசு?

1639 ஆகஸ்ட் 22ஆம் தேதியைச் சென்னையின் பிறந்தநாள் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். கண்காட்சி, நடைப்பயணம், பழைய புகைப்படங்கள், பில்டர் காபி. எல்லாம் சரிதான். ஆனால் அன்று நடந்தது என்னவோ, ஒரே காகிதத்தின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர், ‘செலவு அவன் பாடு’ என்று மனசுக்குள் சிரித்துக்கொண்ட நிகழ்ச்சி.

ஒருவர் பிரான்சிஸ் டே. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆர்மகான் கிடங்குக்குப் பொறுப்பாளர். அங்கே வியாபாரம் படுத்துவிட்டது. கடற்கரையோரமாகத் தெற்கே இடம் தேடி வந்தவர், மதராசபட்டினத்தைப் பார்த்ததும் விழுந்துவிட்டார். துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்க வேண்டும். சரக்கைச் சிறு படகில் ஏற்றி அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்க்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தை ஏன் பிடித்தார்? இங்கே துணி மலிவு என்பது அவர் எழுதிக் கொடுத்த காரணம். பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தாள் என்பது மற்றவர்கள் கிசுகிசுத்த காரணம். நகரமைப்புப் பாடப்புத்தகங்கள் முதல் காரணத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

இன்னொருவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், இந்தக் கரைக்கு அதிபதி. அவருக்குக் குதிரை வேண்டும், வியாபாரம் வேண்டும், சுங்கத்தில் பாதி வேண்டும். வெள்ளைக்காரன் வந்து கடை விரித்தால் மூன்றும் கிடைக்கும். தாராளமாக வாருங்கள், கோட்டை கட்டிக்கொள்ளுங்கள் என்று சாசனம் கொடுத்தார். அதன் ஆங்கிலப் பிரதியில் ஒரு வரி இருந்தது: கோட்டை கட்டி முடியும்வரை ஆகும் செலவு நாயக்கருடையது, ஆங்கிலேயர் குடிவந்த பிறகு திருப்பித் தந்தால் போதும்.

பிரான்சிஸ் டேவுக்கு வாயெல்லாம் பல். நிலம் இலவசம், கோட்டை கடனில், கடனுக்கும் அவசரமில்லை. இன்றைக்குத் தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்டு வரும் எந்தக் கம்பெனிக்கும் இப்படி ஒரு ஒப்பந்தம் அமைந்ததில்லை. அமைந்தால் வெளியே சொல்லமாட்டார்கள்.

1640 பிப்ரவரியில் டேவும் அவருக்கு மேலதிகாரியான ஆண்ட்ரூ கோகனும் சொற்பச் சிப்பாய்களோடு வந்து இறங்கினார்கள். செங்கல்லுக்குப் பணம் எங்கே என்று பார்த்தால், நாயக்கர் வானத்தைப் பார்த்தார். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே, மொழிபெயர்த்தவன் தப்பாக எழுதியிருப்பான்’ என்கிற பாணியில் விஷயம் முடிந்தது. கல்யாணத்தன்று காலையில் பந்தல்காரன் வந்து நிற்கும்போது சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

திரும்பிப் போகவும் வழியில்லை. அப்போது டே ஒரு வீரவசனம் பேசினார்: கோட்டை முடியும்வரை ஆகும் செலவுக்கு வட்டியை நான் என் கையிலிருந்து கட்டுகிறேன். கேட்கவே புல்லரிக்கிறது. வேலை தொடங்கிய பிறகு அவரும் மெல்ல நழுவினார். ஆக, செலவு மொத்தமும் கம்பெனி கணக்கில் ஏறியது. ஏறிய விஷயம் கம்பெனிக்கே பிறகுதான் தெரிந்தது. லண்டனில் பங்குதாரர்கள் கொதித்துப்போனார்கள். யாரைக் கேட்டுக் கோட்டை? எவன் யோசனை? கோகன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் அவர் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். கட்டிய கோட்டையை என்ன செய்ய முடியும், மூட்டை கட்டி லண்டனுக்கா அனுப்ப முடியும்? இன்றைக்கு நம் சட்டமன்றம் கூடும் புனித ஜார்ஜ் கோட்டை, பட்ஜெட் ஒப்புதல் இல்லாமல் எழும்பிய கட்டடம். அங்கே பட்ஜெட் வாசிக்கிறார்கள்.

சரி, கோட்டை வந்தது. ஊர் வேண்டாமா? கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு துணி நெய்ய முடியாது. நெசவாளர், சேலைக்குச் சாயமிடுபவர், வண்ணார், படகோட்டி, தரகர், எண்ணெய் விற்பவர், எல்லோரும் வந்து குடியேற வேண்டும். அவர்களை இழுக்கக் கோகன் அறிவித்தார்: முப்பது வருஷத்துக்கு இந்த ஊர்வாசிகள் உண்பது, குடிப்பது, உடுப்பது எதற்கும் சுங்கம் கிடையாது.

அறிவிப்பு வேலை செய்தது. நெசவாளர் குடும்பங்கள் சாரிசாரியாக வந்தன. கோட்டைக்கு வடக்கே, இப்போது உயர்நீதிமன்றம் இருக்கும் இடத்தில், ஓர் ஊர் முளைத்தது. வெள்ளைக்காரர்கள் அதற்குக் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதற்குச் செலவில்லை.

முப்பது வருஷச் சலுகையில் ஒரு சங்கடம் உண்டு. சலுகை கொடுத்தவன் தேதியை எண்ணுவான்; வாங்கியவன் எண்ணமாட்டான். முதல் தலைமுறைக்கு அது சலுகை, இரண்டாம் தலைமுறைக்கு உரிமை, மூன்றாம் தலைமுறைக்குக் குலவழக்கம். போதாக்குறைக்குக் கம்பெனி சும்மாவும் இல்லை. துறைமுகச் சுங்கம் தனி. வெற்றிலை புகையிலைக்குக் குத்தகை, சாராயத்துக்குக் குத்தகை. இவ்வளவையும் கொடுத்துக்கொண்டிருந்தவனிடம் போய், தெரு கூட்டுவதற்கும் மதில் கட்டுவதற்கும் தனியாகக் கொடு என்றால் அவன் என்ன சொல்வான்?

1678இல் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் அதைத்தான் கேட்டார். மனிதர் ஒழுங்கு, சுத்தம் என்றால் உயிரை விடுபவர். தெரு நாறுகிறது, கூட்ட ஆள் போடுகிறேன், வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுங்கள் என்றார். நாற்றத்தைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காசைப் பற்றித்தான். நாற்றம் இருந்தது, ஊர் இருந்தது, மாஸ்டர் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் வில்லியம் கிஃபோர்ட். இதற்குள் லண்டனில் ஜோசையா சைல்ட் என்ற பெரிய தலை கம்பெனியை ஆட்டிப்படைக்கத் தொடங்கியிருந்தார். அவருக்கு ஒரே புலம்பல்: டச்சுக்காரன் பத்தாவியாவில் குடிமக்களிடம் வரி வாங்கிக் கோட்டை கட்டுகிறான், நாம் மட்டும் ஏன் கைக்காசைக் கொட்டுகிறோம்? நம் மதிலின் நிழலில் பிழைக்கிறவர்கள் மதிலுக்குக் கொடுக்கட்டுமே. வாதம் வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது. மதில் எழும்பினால் ஊரில் வீட்டுமனை மதிப்பும் ஏறும்; ஏறிய மதிப்பில் ஒரு பங்கைக் கேட்பது நியாயம் என்று இன்றைய நகரமைப்புக்காரர்களும் சொல்வார்கள். ஆனால் அந்த மதிலுக்குள் இருந்த பெரிய சொத்து கறுப்பர் நகரத்துக் குடிசையா, கம்பெனியின் துணிக் கிடங்கா? இந்தக் கேள்வியைச் சைல்ட் கேட்டுக்கொள்ளவில்லை. கறுப்பர் நகரத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

1686 ஜனவரி தொடக்கத்தில் வீட்டு வரிக்கு உத்தரவு வந்தது. மறுநாள் ஊரில் கடை இல்லை. அரிசி இல்லை, காய் இல்லை, விறகு இல்லை. சாதித் தலைவர்கள் கூடிப் பேசி, ஊரையே இழுத்து மூடிவிட்டார்கள். கோட்டைக்குள் இருந்த கனவான்களுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும், தங்கள் காலை உணவு கோட்டைக்கு வெளியிலிருந்து வருகிறது என்று. பீரங்கி வைத்திருக்கலாம், பீரங்கியை வறுத்துத் தின்ன முடியாது. அதைவிடப் பெரிய கவலை, கப்பலுக்குப் போகவேண்டிய துணி. நெய்பவனும் வெளுப்பவனும் சாயம் போடுபவனும் கையைக் கட்டிக்கொண்டால் கம்பெனிக்கு இந்த ஊரில் வேலையே இல்லை.

கிஃபோர்ட் மிரட்டினார். கடையைத் திறக்காவிட்டால் வீட்டை இடிப்பேன், ஊரைவிட்டே துரத்துவேன் என்றார். யோசித்துப் பாருங்கள்: ஊரைப் பாதுகாக்க மதில் வேண்டும், மதிலுக்கு வரி வேண்டும், வரி கொடுக்காவிட்டால் ஊரை இடிப்பேன். எதிரிப் படைகூட இவ்வளவு சிக்கனமாகத் திட்டமிடாது. தலைவர்கள் பார்த்தார்கள். சரி சாமி, கொடுக்கிறோம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடைகள் திறந்தன. தலையாட்டிய வேகத்தில் காசு வரவில்லை.

லண்டனில் சைல்ட் இதையெல்லாம் படித்துவிட்டு உண்மையிலேயே புத்திசாலித்தனமாக ஒன்று யோசித்தார். இதைச் சொல்லத்தான் வேண்டும். நாம் அதிகாரத்தால் கேட்டால் ஆறு பென்னிகூடப் பெயராது. அவர்களே கூடித் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கைச் சந்தோஷமாகக் கொடுப்பார்கள் என்று எழுதினார். பத்து மடங்கு. ஜனநாயகத்துக்கு இவ்வளவு பச்சையாக விலைப்பட்டியல் ஒட்டியவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. உரிமை, சுதந்திரம் என்ற பேச்சே கிடையாது. வசூலுக்குத் தோதான ஏற்பாடு, அவ்வளவுதான். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் வரைக்கும் போய்ப் பேசி, 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் தயாரானது. மதராசுக்கு ஒரு மாநகராட்சி.

சாசனத்தில் செலவுக் கணக்கு தெளிவாக இருந்தது. மாநகராட்சி வரி போடலாம். அந்த வரியில் ஒரு நகர மண்டபம் கட்டவேண்டும், ஒரு சிறை, உள்ளூர்ப் பிள்ளைகள் ஆங்கிலமும் கணக்கும் படிக்க ஒரு பள்ளிக்கூடம். அதைவிட விரிவாக இருந்தது உடுப்பு விஷயம். ஆல்டர்மென் என்ற மூத்த உறுப்பினர்களுக்குச் சிவப்பு அங்கி. அறுபது நகரப் பிரதிநிதிகளுக்குச் சீன வெள்ளைப் பட்டு. முன்னால் தூக்கிக்கொண்டு போக வெள்ளிச் செங்கோல். மேயர் குதிரையில் போகலாம், குடை பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளலாம். மதராஸ் வெயிலில் கம்பளி அங்கி போட்டவனுக்குக் குடை அவசியம்தான்.

1688 செப்டம்பர் 29. கவர்னர் எலிஹு யேல் சாசனத்தை ஒப்படைத்தார். மேயர் நதானியேல் ஹிக்கின்சன். பன்னிரண்டு ஆல்டர்மென்களில் ஆங்கிலேயரோடு பிரெஞ்சுக்காரர், போர்ச்சுகீசியர், யூத வைர வியாபாரிகள் எல்லாம் உண்டு. நம் பக்கத்தில் சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை என்று மூன்று பெரிய தரகர்கள். விருந்து நடந்தது. சாயங்காலம் நாலு மணிவாக்கில், செங்கோல் முன்னே போக, சிவப்பும் வெள்ளையுமாக அங்கிகள் தரையில் புரள, எல்லோரும் ஊர்வலமாக நடந்தார்கள். அந்த மூன்று தரகர்களும் அன்று ராத்திரி அங்கியைக் கழற்றிப்போட்டுவிட்டு என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

‘அண்ணே, உடுப்பு நல்லாத்தான் இருக்கு. எதுக்காம்?’

‘நம்ம ஆளுங்ககிட்ட நாமளே போய் வரி கேக்கணுமாம்.’

‘உடுப்பு வேணாம்னு சொல்லிட முடியாதா?’

வரி பெயரவில்லை. மாநகராட்சி என்ற பெயரில் கேட்டாலும், பட்டு உடுத்திக் கேட்டாலும், கேட்பவன் பின்னால் நிற்பது யார் என்று ஊருக்குத் தெரியாதா? சைல்டின் கணக்கில் ஓட்டை அங்கேதான். தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொள்பவர்கள், எதற்குச் செலவழிப்பது என்பதையும் தாங்களே முடிவு செய்வார்கள். அந்தப் பாதியைச் சாசனத்தில் எழுதவில்லை. தங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முதல் மாதமே எழும்பியிருந்தால் நாலு பேர் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். எழும்பியது செங்கோல். உள்ளூர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சாசனத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

இங்கே ஒரு கிளைக்கதை. சாசனத்தை ஒப்படைத்த அதே எலிஹு யேல், கவர்னர் வேலையில் நன்றாகச் சேர்த்துக்கொண்டு, முறைகேட்டுப் புகார்களோடு பதவி இழந்து, இங்கிலாந்து போய், வயதான காலத்தில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு தேறியது. கல்லூரி அமெரிக்காவில், கனெக்டிகட்டில் இருந்தது. 1718இல் நன்றியோடு அவர் பெயரையே வைத்துக்கொண்டது. மதராசில் சேர்த்த காசில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பத்தான் செய்தது. இடம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது.

கம்பெனி இப்படி வரிக்கும் அங்கிக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆர்மேனிய வியாபாரி சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தார். பேர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலைக்குப் போகிற பக்தர்கள் அடையாற்றைக் கடக்க அவதிப்படுவதைப் பார்த்தார். 1726இல் சைதாப்பேட்டையில் ஆற்றின்மேல் பாலம் கட்டினார், தன் செலவில். பரங்கிமலைக்குப் படி கட்டினார், தன் செலவில். அதோடு விடவில்லை. பாலம் பழுதானால் பார்த்துக்கொள்ள 1,500 வராகனைத் தனியாக எடுத்து வைத்தார். கட்டுவதற்குக் காசு கொடுப்பவர்கள் உண்டு, கல்லில் பேர் பொறிக்கலாம். பழுது பார்க்கக் காசு எடுத்துவைப்பவன் லட்சத்தில் ஒருவன். பூச்சு வேலையில் யாரும் பேர் பொறிப்பதில்லை.

வெள்ளைக்காரனும் இல்லாமல் உள்ளூர்க்காரனும் இல்லாமல் நடுவில் இருந்த மனிதர் அவர். பாலம் வந்ததும் கோட்டையிலிருந்து மலை வரைக்கும் வண்டி ஓடியது. வழியில் தோட்ட வீடுகள் முளைத்தன. நில விலை ஏறியது. ஏறியது யார் பையில் போனது என்று உஸ்கான் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தபோது, தங்கள் பக்கம் வரச் சொன்னார்கள். வரமாட்டேன் என்றார். சொத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்த 1746தான் கறுப்பர் நகரத்துக்கும் கணக்கு முடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்குப் பக்கத்திலிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். கோட்டைப் பீரங்கிக்குக் குண்டு பாய வெட்டவெளி வேண்டுமாம். ஆக, பாதுகாப்புக்காக மதில், மதிலுக்காக வரி என்று அறுபது வருஷம் பேசிய பேச்சு, பாதுகாப்புக்காக ஊரையே எடுத்துவிடுவதில் முடிந்தது. கிஃபோர்ட் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே நகர்ந்து புதுக் கறுப்பர் நகரம் அமைத்தார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன். ‘இதற்குத் தெற்கே எவனும் வீடு கட்டக்கூடாது’ என்று 1773இல் எல்லைத் தூண்கள் ஆறு நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது, ஒரு பயலும் கண்டுகொள்ளாமல்.

புது ஊருக்கு மதில் இல்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார், புது ஊருக்குள் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு கோட்டையை முற்றுகையிட்டார். 1767இல் மைசூர்க் குதிரைப்படை புறநகரைச் சூறையாடிவிட்டுப் போனது. 1769இல் ஹைதர் அலி பரங்கிமலை வரைக்கும் வந்து, மிரண்டுபோன கம்பெனியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உஸ்கான் பக்தர்களுக்காகப் படி கட்டிய அதே மலை. இதற்கு மேல் மதில் இல்லாமல் முடியாது என்று முடிவானது.

ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். இந்த மகானைப் பற்றித் தனிப் புராணமே எழுதலாம். கட்டட வேலைக்கு வந்தவர். வட்டி வேலையில் வளர்ந்தவர். ஆற்காட்டு நவாபு முகமது அலி, கம்பெனிப் படைக்குக் கொடுக்க வேண்டிய காசைக் கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கிக் கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வட்டிக்காரர்களில் பெரிய முதலை இவர். சேப்பாக்கம் அரண்மனையையும் இவர்தான் கட்டினார் என்பார்கள். பிறகு இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே போய் உட்கார்ந்தார். 1785இல் எட்மண்ட் பர்க் அதே பாராளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசும்போது இவரைக் கிழிகிழியென்று கிழித்தார். நகரத்தின் பெரிய மதில் ஒப்பந்தம் எப்படிப்பட்ட கைகளில் இருந்தது பாருங்கள். ஒப்பந்தக்காரர் மரபு அன்றே தொடங்கிவிட்டது என்று சொன்னால் யாராவது மானநஷ்ட வழக்குப் போடுவார்கள், ஆகவே சொல்லவில்லை.

மதில் வடக்கிலும் மேற்கிலும் எழும்பியது. இந்தத் தடவை காசு? வேறு யார், மதிலுக்குள் இருப்பவர்கள்தான் என்று அரசு நினைத்தது. மதில் வரி என்று பேரும் வைத்தது. ஆனால் இப்போது காலம் மாறியிருந்தது. கடையை மூடவேண்டிய அவசியம் இல்லை. வரி போட உனக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற கேள்வி போதுமானதாக இருந்தது. வக்கீல்கள் தலையைச் சொறிந்தார்கள். மதில் நின்றது, வரி நின்றுபோனது.

இதே சமயத்தில், 1772இல், மதிலுக்குள்ளே வடகோடியில் ஏழு கிணறு வெட்டி நல்ல தண்ணீர் எடுத்தார்கள். கேப்டன் பேக்கரின் திட்டம். தண்ணீர் கோட்டைக்குப் போனது. ஊர்வாசியின் காலடியில் ஊறிய தண்ணீர் ஊர்வாசியின் வாசலைத் தாண்டிச் சிப்பாய்க்குப் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் மதிலுக்குப் பங்கு கேட்டால் மனசு வருமா?

அந்தச் சட்டக் கேள்வி 1793இல்தான் தீர்ந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, தெரு கூட்டவும் காவல் காக்கவும் சாலை செப்பனிடவும் வீடுகளின் மேல் வரி போடும் அதிகாரத்தைக் கொடுத்தது. மாஸ்டர் துடைப்பத்தோடு வந்து நூற்றுப் பதினைந்து வருஷம் கழித்து. அதன்பிறகு வரியிலிருந்து தப்பவில்லை யாரும். இப்போது பெரிய கட்டடம் கட்டினால் உள்கட்டமைப்புக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்கள், பெரிய மனையில் பூங்காவுக்குப் பத்துச் சதவீதம் நிலம் கேட்கிறார்கள். கட்டுபவர் கொடுக்கிறார் என்பது கோப்பில் உள்ள வாசகம். கட்டுபவர் அதைச் சதுர அடியில் கலந்து வாங்குபவன் தலையில் வைக்கிறார். வாங்கியவன் பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரில் குடிபோய், கட்டணத்தையும் கட்டி, வீட்டு வரியையும் கட்டி, சுங்கச்சாவடியிலும் கொடுத்து, தண்ணீர் லாரிக்கும் கொடுத்தான். சுங்கச்சாவடிகளை 2021இல் மூடத் தொடங்கினார்கள். லாரி இன்னும் வருகிறது.

மதில் என்ன ஆயிற்று? ஹைதரும் இல்லை, திப்புவும் இல்லை என்றானதும் அது வெறும் இடைஞ்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளினார்கள். பழைய ஜெயில் ரோட்டில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதன்மேல் மாடிப் பூங்கா என்று நாலு செடி வைத்திருக்கிறார்கள். மேற்கு மதில் ஓடிய வழியில், சென்ட்ரலுக்குப் பக்கத்தில், வால்டாக்ஸ் ரோடு. வசூலாகாத வரிக்கு நினைவாக ஒரு சாலை. உஸ்கானின் பாலம் இருந்த இடத்தில் புதுப் பாலம் வந்து, அதற்கு மறைமலை அடிகள் பேரை வைத்துவிட்டார்கள். உஸ்கானின் கல்வெட்டு சைதாப்பேட்டை முனையில் போஸ்டர் ஒட்ட வசதியாக நிற்கிறது.